ஆரோக்கியசாமி கட்டுகிற டோல்

அத்தியாயம் 11

"செத்தவங்களுக்கும் டோல் ஏத்திட்டாங்களா?"

பிரிஜெட் வேடிக்கையாகத்தான் கேட்டாள். கேட்ட மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாமியார் எலிசபெத் அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தாள். கணவன் வின்சென்ட் ஒரு காலில் மட்டும் ஷூவைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

மேஜைமேல் கிடந்தது அந்தப் பழைய பட்டன் ஃபோன். ஆறு நாற்பத்தேழுக்கு இரண்டு முறை அதிர்ந்து அடங்கியிருந்தது.

"இன்னான்னு போட்டிருக்கு? முழுசா படி."

"அதேதான் வின்சென்ட். உங்கள் வாகனம் அத்திப்பள்ளி டோலைக் கடந்ததுன்னு. மாமாவோட எட்டியோஸ் கார் நம்பர். போன வாரத்தைவிட அஞ்சு ரூபா கூட. இன்னிக்கு ஜூலை ஒண்ணு இல்ல? புது ரேட்டு."

ஈஜிபுராவின் அந்த இரண்டறை வீட்டுக்குள் இன்றுதான் நுழைகிறீர்கள் என்றால், வாசலிலேயே நிறுத்திக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

போன ஆகஸ்டில், ஆனேக்கல் உள்ரோட்டில், ஏரி வளைவில், ஒரு லாரி பக்கவாட்டில் மோதி ஆரோக்கியசாமி இறந்துபோனார். தங்கவயலில் சுரங்கத்தை மூடியதும் பெங்களூருக்கு வந்து இருபது வருடம் டாக்ஸி ஓட்டியவர். கடைசி ஆறு வருடம் ஓசூர் தொழிற்சாலை ஒன்றுக்குப் பெண்களைக் காலையில் கொண்டுபோய்விட்டு, மாலையில் அழைத்துவருகிற வேலை. நசுங்கிய வண்டியைக் குஜிரிக்காரன் எடைக்கு எடுத்துப் போனான். பழைய இரும்புக் கடைக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். வண்டியை வெட்டிப் போட்டாகிவிட்டது என்று அவன் எழுதிக் கொடுத்த காகிதம் பீரோவில் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை அதே பீரோவுக்குள்ளிருந்து ஒரு ஃபோன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான் வின்சென்ட். இல்லாத வண்டி டோலைக் கடந்து போயிருந்தது.

விபத்தில் ஆரோக்கியசாமியின் ஃபோன் நொறுங்கிவிட்டது. சிம்மை மட்டும் எடுத்து இந்தப் பட்டன் ஃபோனில் போட்டு, தினமும் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தவள் எலிசபெத். அதுவரை விஷயம் தெரிந்துபோயிற்று. அதற்குமேல் அவள் வாயைத் திறக்கவில்லை.

"ஒண்ணு புரியல," என்றாள் பிரிஜெட். தொம்மலூரில் ஒரு கிளினிக்கில் பில் போடுகிறவள் அவள். எண்கள் அவள் கண்ணிலிருந்து தப்பாது. "டோல் டேக்ல மாமா போட்டு வச்ச காசு எப்பவோ தீர்ந்திருக்கணும். இதுல பாருங்க, நாலு தடவ ரீசார்ஜ் பண்ணியிருக்காங்க. கடைசியா போன செவ்வாக்கிழமை."

"யாரு பண்ணது?"

எலிசபெத் தோசையைத் திருப்பினாள்.

"நான்தான்."

"அம்மா!"

"கத்தாதே. தோசை ஒட்டிக்கும்."

"உனக்கு இன்னா பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"மார்ச்சுல ஒருநாள் மெசேஜ் வந்துதுடா. பயந்துட்டேன். ஜெபமாலைய எடுத்துகினு உக்காந்துட்டேன். பத்தரைக்கு மறுபடியும் வந்துது. காலையில போறாரு, பத்தரைக்குத் திரும்புறாரு. மறுநாளும் அப்படியே. ஒருநாள் வேற மாதிரி வந்துது. மருந்துக்கடை பொண்ணாண்ட காட்டினேன். 'காசு போடலைன்னா கேட்டுல நிறுத்திடுவாங்க ஆன்ட்டி'ன்னா. அவர வழியில நிறுத்த விடுவேனா?"

"அது அப்பா இல்லம்மா. எவனோ திருட்டுப் பய."

"இருக்கட்டுமே. காலையில ஒழுங்கா போறான், ஒழுங்கா திரும்பி வரான். உங்கப்பா வரலியே."

பிரிஜெட் அடுப்பை அணைத்தாள். தோசை கருகிவிட்டிருந்தது.

"இன்னிக்கே இந்த டோல் கணக்க மூடிடணும்," என்றான் வின்சென்ட். "பிரிஜெட், லாகின் போட்டு மூடிடு."

"ஓடிபி இந்த ஃபோனுக்குத்தான் வரும். அத்தை, ஃபோனை எங்கிட்ட குடுங்க."

எலிசபெத் ஃபோனை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"நான் வேலைக்குப் போயிட்டு வந்து தரேன்," என்றாள்.

வின்சென்ட் வற்புறுத்தவில்லை. அந்தக் கணக்கைத் திறந்தால் போன ஆகஸ்டும் திறக்கும் என்று அவனுக்குத் தெரியும். மற்ற ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

*

"வா வின்சென்ட். நீயே சொல்லு, நான் கம்பெனி நடத்துறதா, இல்ல டோல்காரனுக்கு மாசாமாசம் மொய் எழுதுறதா?"

பொம்மசந்திராவில் அவன் வேலை பார்க்கும் டிரான்ஸ்போர்ட் ஆபீசில் முதலாளி ரகுராம் இப்படித்தான் குட்மார்னிங் சொல்வார்.

"ஒவ்வொரு வருஷமும் ஏத்துறான். பன்னெண்டு சின்ன வண்டி. தினம் ரெண்டு ட்ரிப்பு. எல்லாத்தையும் ஆனேக்கல் உள்ரோட்டுக்குத் திருப்பிடு. சாயங்காலத்துக்குள்ள ரூட் ஷீட்டு வேணும்."

"சார், அந்த ரோடு..."

ரகுராம் குரலைத் தாழ்த்தினார்.

"தெரியும்ப்பா. உங்கப்பா விஷயம். பேஜார்தான். ஆனா அதுக்காக ரோட்டையே ஒதுக்கி வைக்க முடியுமா? தினம் ஆயிரம் வண்டி அதுல போகுது."

எந்த வண்டி எந்த வழியில் போனால் எத்தனை டோல் மிச்சம் என்று பார்த்து எழுதுவதுதான் வின்சென்ட்டின் வேலை. கம்ப்யூட்டரில் அந்த உள்ரோடு ஒரு நீலக்கோடு. அதில் குழி தெரியாது. ஏரி வளைவு தெரியாது. விளக்கில்லாத கம்பம் தெரியாது.

அவன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

போன வருடமும் இதே ஜூலையில்தான் ரேட்டை ஏற்றினார்கள். அன்றைக்கு அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இதே நீலக்கோட்டைத் தன் ஃபோனில் போட்டு அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான் வின்சென்ட்.

"மாசக் காண்ட்ராக்டுப்பா இது. டோல் உன் தலையில. அவங்க ஏத்த ஏத்த நீ தாங்கிகினே இருந்தா மிச்சம் எங்க? உள்ரோட்டுல வா."

"அதுல லைட்டே கிடையாதுடா."

"வண்டியில ஹெட்லைட்டு எதுக்குக் குடுத்திருக்கான்?"

அப்பா சிரித்தார். "சரிங்க ஆபீசர்," என்றார்.

ஆறு வாரம் கழித்துப் போலீசிலிருந்து ஃபோன் வந்தது. உயிர் இருக்கிறதா என்று அவன் கேட்கவில்லை. "எந்த ரோடு?" என்றுதான் முதலில் கேட்டான்.

அவன் அப்பாவுக்கு ரூட் சொன்ன அன்றைக்கு அம்மா பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது தெரியாது. பிரிஜெட்டுக்கும் தெரியாது. பதினொரு மாதமாக இதை ஒருவன் தனியாகத் தூக்கிக்கொண்டு திரிகிறான்.

ஃபோன் அடித்தது. பிரிஜெட்.

"வின்சென்ட், அத்தை வேலைக்குப் போகல. அவங்க வேலை பாக்குற அபார்ட்மென்ட்டுல இருந்து எனக்கு ஃபோன் வருது. பக்கத்து வீட்டு தனலக்ஷ்மி அக்காவைக் கேட்டேன். சில்க் போர்டு ஸ்டாப்புல ஓசூர் பஸ் ஏறினாங்களாம்."

"ஓசூர் பஸ்ஸா?"

"கையில டிஃபன் டப்பா வேற இருந்துச்சாம்."

"டிஃபன் டப்பாவா? யாருக்கு?"

அவன் மணியைப் பார்த்தான். பத்தாகப் பத்து நிமிடம். பைக் சாவியை எடுத்தான்.

"ஷீட்டு?" என்றார் ரகுராம் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து.

"வந்து தரேன் சார்."

*

அத்திப்பள்ளி டோலுக்குப் பெங்களூர்ப் பக்கம், வண்டிகள் கேட்டைத் தாண்டி வேகம் எடுக்கிற இடத்தில், ஒரு டீக்கடை ஓரமாகக் குடையோடு நின்றிருந்தாள் எலிசபெத். சாரலும் காற்றும். குடை ஒரு பக்கம் மடங்கி மடங்கி நிமிர்ந்தது.

"அம்மா! இங்க இன்னா பண்றே?"

"வந்துட்டியா. நல்லதாப் போச்சு. அந்த செக்யூரிட்டி ரெண்டு தடவ துரத்திட்டான். இங்க பஸ் நிக்காதுன்றான். நான் எங்கடா பஸ்ஸுக்கு நின்னேன்?"

"வீட்டுக்குப் போலாம் வா."

"பத்து இருபத்தஞ்சு ஆவுது. வர நேரம்."

"யாரு வர நேரம்?"

"அதைப் பாக்கத்தானே வந்தேன்."

வரிசை வரிசையாக வண்டிகள். கேட்டின் கை ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. வின்சென்ட்டின் கண் அவனையறியாமல் வெள்ளை எட்டியோஸ்களை எண்ணத் தொடங்கியது. ஒன்று வந்தது. அதில் ஒரு குடும்பம். இன்னொன்று வந்தது. ஓட்டியவருக்கு நரைத்த மீசை. அவர் யாரோ.

கைப்பைக்குள் ஃபோன் அதிர்ந்தது.

"தாண்டிட்டாரு," என்றாள் எலிசபெத்.

கேட்டிலிருந்து அந்த நிமிடம் வெளியே வந்தவை ஐந்தாறு வண்டிகள். வெள்ளை எட்டியோஸ் ஒன்றுகூட இல்லை. வின்சென்ட் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்குப் பார்வையை மாற்றிக்கொண்டே இருந்தான். இங்கே, இப்போது, அப்பாவின் வண்டி அவனைக் கடந்து போயிருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை.

"அதோ," என்றாள் அம்மா.

சாம்பல் நிற எட்டியோஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. நம்பர் வேறு.

"அது இல்லம்மா, அது வேற..."

அவள் குடையைக் கீழே போட்டுவிட்டு ரோட்டில் இறங்கிக் கையை நீட்டினாள். பிரேக் கிறீச்சிட்டது. வண்டி அவளுக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது.

"ஏன் அம்மா! சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா?" டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். முப்பத்தைந்து வயது இருக்கும்.

எலிசபெத் அவனைப் பார்க்கவேயில்லை. முன்கண்ணாடியின் மேல்மூலையைப் பார்த்தாள். அங்கே வேளாங்கண்ணி மாதா ஸ்டிக்கர். வெயிலில் நீலம் வெளுத்து, இடது ஓரம் கிழிந்திருந்தது. அந்த ஓரத்தைக் கிழித்தது அவள்தான், கோணலாக ஒட்டிவிட்டோமே என்று எடுக்கப் பார்த்தபோது.

"வண்டி அது இல்லடா வின்சென்ட்," என்றாள். "கண்ணாடி அது."

ஸ்டிக்கருக்குக் கீழே, கண்ணாடிக்கு உள்பக்கம், டோல் டேக் ஒட்டியிருந்தது.

"டேக் யாருது?" வின்சென்ட் ஜன்னலுக்குள் கையை விட்டு டிரைவரின் சட்டையைப் பிடித்தான். "யாருதுன்னு கேக்கறேன்!"

கத்தியவன் இப்போது, அண்ணே என்பதற்கு இந்த ஊரில் சொல்கிற 'குரு'வைப் போட்டுக் கெஞ்சினான்.

"குரு, கை எடு குரு. சொல்றேன். என் பேரு சுதீர். ஆனேக்கல். மார்ச்சுல ஜல்லி லாரியில இருந்து கல்லு விழுந்து என் கண்ணாடி போச்சு. என் டேகும் அதோட போச்சு. புதுக் கண்ணாடிக்கு எங்க போறது? குஜிரியில இது முழுசா இருந்துச்சு. மாட்டிகினு டோலுக்கு வந்தேன். காசு குடுக்கலாம்னு ஜன்னலை எறக்குறேன், அதுக்குள்ள கேட்டு தொறந்துடுச்சு."

"தொறந்தா?"

"பின்னாடி நூறு வண்டி ஹாரன் அடிக்குது. நான் என்ன பண்ணட்டும், சொல்லு? போயிட்டேன்."

"அன்னிக்குப் போனே. நாலு மாசமாவா?"



"நாலு நாள்ல தீர்ந்துடும்னு பாத்தேன். தீரவே இல்ல. யாரோ போட்டுகினே இருக்காங்க. என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். 'அது செத்தவன் வண்டிக் கண்ணாடி, பேய்தான் டோல் கட்டுது, கழட்டிப் போடு'ன்னு ஒரே சண்டை. நானும் கழட்டலாம்னுதான் இருந்தேன். ஆனா அவனுங்க ரேட்டு ஏத்துற ஏத்துக்கு, பேயாவே இருந்தாலும் கட்டட்டும்னு விட்டுட்டேன்."

"பேய் இல்லப்பா," என்றாள் எலிசபெத். "நான்தான்."

சுதீர் அவளைப் பார்த்தான். பிறகு ஸ்டிக்கரைப் பார்த்தான். இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கும்பிட்டான்.

வின்சென்ட் டேகைப் பிய்க்க நகத்தை வைத்தான்.

"கையை எடு," என்றாள் அம்மா. அந்தக் குரலை அவன் சின்ன வயதுக்கப்புறம் கேட்டதில்லை. எடுத்துவிட்டான்.

"தம்பி, வண்டி காலியா?"

"காலிதான் அம்மா. சந்தாபுரா போறேன்."

"முன்னாடி உக்காரட்டுமா? கொஞ்ச தூரம்தான்."

சுதீர் பாய்ந்து இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டான். வின்சென்ட் பைக்கைப் பார்த்துக்கொள்ளும்படி டீக்கடையில் சொல்லிவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டான்.

*

வைப்பர் ஓடியது. கண்ணாடியில் வில் மாதிரி வளைந்து ஒரு கீறல். மழைத்தண்ணீர் அந்தக் கீறலோடு ஓடி, முனையில் தேங்கி, பிறகு சொட்டியது.

"பிளேடு மாத்துன்னு எத்தனையோ தடவ சொன்னேன்," என்றாள் எலிசபெத், யாரிடம் என்றில்லாமல். "கேட்டாத்தானே."

டிஃபன் டப்பாவை எடுத்து கியருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எலுமிச்சஞ்சாதம். நீ சாப்பிடு தம்பி."

"யாருக்குக் கொண்டாந்தீங்க அம்மா?"

"யாரு வராங்களோ அவங்களுக்கு."

பின்சீட்டிலிருந்து வின்சென்ட்டுக்கு ரோடு அந்தக் கீறல் வழியாகத்தான் தெரிந்தது. அப்பா கடைசியாகப் பார்த்த லாரி வெளிச்சமும் இதே கண்ணாடியின் ஏதோ ஒரு மூலையில்தான் வந்து விழுந்திருக்கும்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அப்பாவை உள்ரோட்டுல வரச் சொன்னது நான்தான்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"தெரியும்."

"தெரியுமா?"

"அன்னிக்கு ராத்திரியே சொன்னாரு. 'உம்புள்ள எனக்கு ரூட்டு சொல்றான். சரின்னுட்டேன். ஆனா போவ மாட்டேன். மூணு பொண்ணுங்கள ஏத்திகினு அந்தக் குழியில போறதா?'ன்னாரு. ஆறு வாரமும் டோல்லதான் வந்தாரு. உன்னாண்ட மட்டும் உள்ரோடுன்னு பொய். மிச்சம் பிடிச்சோம்னு நீ சந்தோஷப்படுவியாம்."



"ஆனா ஆக்ஸிடென்ட் அன்னிக்கு வண்டி காலிம்மா. ஓவர்டைமுன்னு பொண்ணுங்க வரல. காலி வண்டிக்கு எதுக்கு டோலுன்னு நான் சொன்ன ரோட்டுல வந்திருப்பாரு. அங்கதானே கிடந்தாரு?"

"அங்கதான் கிடந்தாரு. ஏன் அங்க போனாருன்னுதான் எனக்குத் தெரியல."

"இதெல்லாம் ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியேடா. பதினோரு மாசம் ஒரே வீட்டுல உக்காந்து சோறு தின்றோம். நீ அதை மட்டும் கேக்கல. நானா வந்து 'உம்மேல தப்பு இல்ல'ன்னு சொன்னா, தப்பு உன்னோடதுன்னு நான் ஒருநாளாச்சும் நெனச்சேன்னு ஆயிடாதா?"

"நெனச்சியா?"

எலிசபெத் முந்தானையால் கண்ணாடியின் உள்பக்கப் புகைமூட்டத்தைத் துடைத்தாள்.

வின்சென்ட்டின் ஃபோன் அடித்தது. பிரிஜெட்.

"அத்தை கிடைச்சாங்களா? அப்பாடா! நான் லாகின் பேஜ்லதான் இருக்கேன். அத்தை ஃபோனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கும். வாங்கிச் சொல்லு, மூடிடறேன்."

அம்மா பட்டன் ஃபோனை எடுத்து அவனிடம் நீட்டினாள். எண்களைச் சொன்னான். சொல்லி முடித்ததும் அவன் வாயிலிருந்தே அது வந்துவிட்டது.

"பிரிஜெட், மூடாதே. போன ஆகஸ்ட் பதினாலு, அப்பா செத்த நாள். அதைப் பாரு."

"வேணாம் வின்சென்ட். எதுக்கு இப்போ..."

"பாரு."

சுதீர் வண்டியை ஓரம் கட்டினான். யாரும் அவனைக் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் பிரிஜெட்டின் மூச்சும், அவள் கிளினிக்கில் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுவதும் கேட்டது.

"காலையில ஒண்ணு. ஓசூர் போறது."

"சாயங்காலம்?"

"ஆறு அம்பத்திரெண்டு. பெங்களூர் பக்கத்து லேன்."

எலிசபெத் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பாத்தியா? காலி வண்டிக்கும் டோல் கட்டித்தான் வந்திருக்காரு."

வின்சென்ட் முன்சீட்டில் நெற்றியை முட்டிக்கொண்டான். பதினொரு மாதம். அவன் தோள் குலுங்கியது. சுதீர் மரியாதையாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தான்.

"இருங்க," என்றாள் பிரிஜெட். "இன்னொண்ணு இருக்கு."

"இன்னா?"

"ஏழு பத்தொன்பது. அதே டோல். இது ஓசூர் பக்கத்து லேன். காலையில போனாரே, அந்தப் பக்கம்."

"திரும்பிப் போனாரா?"

"அப்படித்தான் காட்டுது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல வின்சென்ட். அடுத்தது மார்ச்சுதான்."

வழி பார்த்து எழுதுகிறவன் அவன். வேண்டாம் என்றாலும் மனசு கோடு போட்டது. ஆறு ஐம்பத்திரண்டுக்கு டோலைத் தாண்டி வருகிறார். சந்தாபுரா வரை வந்து வண்டியைத் திருப்புகிறார். ஏழு பத்தொன்பதுக்கு மறுபடியும் தாண்டுகிறார். போலீஸ் எழுதிய நேரப்படி எட்டு பத்துக்கு ஏரி வளைவில், பெங்களூரைப் பார்த்தபடி, நசுங்கிய வண்டிக்குள். திரும்பி வந்ததற்கு டோல் இல்லை.

"சாயங்காலம் மட்டும் ரெண்டு தடவ கட்டிட்டாரு," என்றான். "மூணாவது தடவ கட்ட மனசு வரலம்மா. அன்னிக்கு ஒருநாள் மட்டும் என் பேச்சைக் கேட்டிருக்காரு."

இல்லை என்று அம்மா சொல்வாள் என எதிர்பார்த்தான். அவள் பொய் சொல்லவில்லை.

"ஆமாடா," என்றாள் மெல்ல. "கேட்டிருக்காரு போலத்தான் கீது."

பிரிஜெட் "ஹலோ, ஹலோ" என்றுகொண்டிருந்தாள். நடுவில் ரகுராமின் அழைப்பு வந்து அவளை அமுக்கியது. வின்சென்ட் எடுத்தான். ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டான்.

"எங்கேப்பா இருக்கே? நாளைக்குக் காலையில பன்னெண்டு வண்டி நிக்குது. உள்ரோட்டு ஷீட்டு ஆச்சா?"

"இல்ல சார். அந்த ரோட்டை நான் எழுத மாட்டேன். டோல்லயே போகட்டும்."

"டோலா? யாரு கட்டுவா? உங்கப்பனா?"



"ஆமா சார்," என்றான் வின்சென்ட். "இன்னிக்குக் காலையிலகூட கட்டினாரு. புது ரேட்டு."

"என்னது? குடிச்சிருக்கியா?"

"இல்ல சார். வேற ஆளை வச்சு எழுதிக்கங்க."

"அப்போ நாளைக்கு வராதே."

"சரி சார்."

எலிசபெத் முதல்முறையாகப் பின்னால் திரும்பி மகனைப் பார்த்தாள்.

"வேலை போச்சா?"

"போச்சு."

"சரி."

அவள் முன்னால் திரும்பிக்கொண்டாள். மழை வலுத்திருந்தது.

"தம்பி, இங்க வண்டிய எங்க திருப்பலாம்?"

"முன்னாடி பாலத்துக்கு அடியில அம்மா. ஏன்?"

"திருப்பு. ஓசூர் பக்கம் போவணும்."

"மறுபடியும் டோல் விழும் அம்மா."

"விழட்டும். வீட்டுக்கு வர மனுஷன், காசையும் கட்டிட்டு வந்த வழியே திரும்பிப் போயிருக்காருன்னா சும்மா போவல. யாரோ கூப்பிட்டிருக்காங்க. இல்ல, யாரையோ விட்டுட்டு வந்திருக்காரு. அந்த ஆளு அந்தாண்டதான் இருக்கணும்."

"யாருன்னே தெரியாம எங்கம்மா போறது?" என்றான் வின்சென்ட்.

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குது. ஏழு பத்தொன்பதுக்கு அங்க தாண்டினவரு எட்டு பத்துக்கு அந்த ஏரி வளைவுக்கு வரணும்னா, நடுவுல எது வரைக்கும் போயிருக்க முடியும்? அந்த வழியச் சொல்லு." எலிசபெத் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். "அதானே உன் வேலை?"